கண்ணாடிக்காரன் ரவுட்டர் வாங்கிய கதை, இதுவரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது காதல் கதை.

ஒரு இதழின் மலருக்காகக் கேட்டார்கள். "நெஞ்சைத் தொடணும், ஆனா ரொம்ப அழ வெச்சுடாதீங்க" என்றார் ஆசிரியர். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் நெஞ்சைத் தொடும்படி ஒன்றும் வரவில்லை. வைஃபை வேறு நினைத்தபோது வந்து நினைத்தபோது போய்க்கொண்டிருந்தது. நான் எழுதாததற்கு அதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, நல்ல ரவுட்டராகப் பார்த்து வாங்கிவரக் கிளம்பினேன். எழுதுகிறவனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டால் காலில் சக்கரம் முளைத்துவிடும்.

கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் அளவு டேப். இரண்டு கையிலும் இரண்டு ரவுட்டர் பெட்டிகள். ஏதோ காய்கறி வாங்குகிற மாதிரி ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விற்பனைப் பெண்ணிடம் கேட்டார்: "இதுல எதும்மா கனம் ஜாஸ்தி?"

அந்தப் பெண் வேகம் பற்றிப் பதில் தெரிந்து வைத்திருந்தாள், தூரம் பற்றியும் தெரிந்து வைத்திருந்தாள். எடை பற்றி அவளை யாரும் கேட்டதில்லை. முகத்தில் ஈயாடவில்லை. அவர் லேசான பெட்டியை இளக்காரமாக ஓரம் தள்ளிவிட்டு, கனத்ததை வாங்கிக்கொண்டு போனார். நான் எதுவும் வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அந்த வீட்டின் பின்னறையில் காற்று இருந்தது, வெளிச்சம் இருந்தது, அன்பும் இருந்தது, ஆனால்"

(இதை இப்படியே விட்டுவிடுகிறேன். 'ஆனால்' வரைக்கும் வந்தபோது எனக்கே உடம்பு கூசியது.)

இரண்டாம் தொடக்கம்: "சிக்னல் கிடைக்காத ஒரு மனிதனின்"

(மனிதனின் என்ன? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றினால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.)

மூன்றாம் தொடக்கம்: "கண்ணாடிக்காரருக்கு எடையில் நம்பிக்கை இருந்தது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.*

* முதல் பிரதியில் கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். என் எழுத்தை முதலில் படிப்பவள் என் தங்கை. "ஏண்ணா, அவருக்கு மட்டும் என்ன மரியாதை, அவரா இந்த வீட்டுல சம்பாதிச்சு உனக்குப் போடறாரு?" என்று கேட்டாள். இரண்டு பேரையும் உயர்த்தினால் யார் எவர் என்று வாசகர் குழம்புவார். எனவே கணவனை இறக்கிவிட்டேன். இனி அவன், அவள்.

2

கண்ணாடிக்காரனுக்கு எடையில் நம்பிக்கை இருந்தது. அவன் தொழில் அப்படி. துணிக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் வீடுகளுக்கும் நிலைக்கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். மெல்லிய கண்ணாடி சுவரில் ஏறியதும் வளைந்து முகத்தைக் கோணலாகக் காட்டும். கனத்தது உள்ளதை உள்ளபடி காட்டும். இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி, உலகத்தில் நல்ல பொருள் என்றால் அது கையை இழுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான்.

அவன் மனைவி செய்வது நடுவில் பேசுகிற வேலை. எங்கோ ஒரு மருத்துவமனையில் டாக்டருக்குத் தெரிந்த மொழி நோயாளிக்குத் தெரியாது. வீட்டுப் பின்னறையில், காதில் ஹெட்போனோடு கணினி முன் உட்கார்ந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் அவள் மாற்றிச் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. இரண்டே விதிகள். அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவருடைய நோய் இன்னொருவர் காதுக்கு உரியதல்ல. பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்துபோகக் கூடாது.

முதல் விதியில் அவள் கெட்டி. இரண்டாவதில் வீடு கைவிட்டது.

சின்ன வீடு அது. தெருவைப் பார்த்த முன்னறை, பக்கத்தில் சமையலறை, முன்னறைக்கு நேர் பின்னால் பின்னறை. இணைய ஒயர் முன்னறை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அங்கேயே, செருப்பு அலமாரியின் மேல், ரவுட்டர். முன்னறையையும் பின்னறையையும் பிரிக்கிற சுவர் முழுக்க ஒரே கண்ணாடி.

கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு வந்தபோது, "மூச்சு முட்டுதுங்க" என்றாள் அவள். அவன் ஊரிலேயே பெரிய பலகையாகத் தருவித்து, கனம் பார்த்து, ஓரம் தீட்டி, அந்தச் சுவரை மறைத்து நிறுத்தினான். பக்கத்தில் இருந்த கதவுக்கும் கண்ணாடி போட்டான். வெளியே போய்விட்டு வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். எதிரே இன்னொரு முன்னறை, இன்னொரு ஜன்னல், இன்னொரு தெரு. "இப்போ நமக்கு ரெண்டு வீடு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் நாலு சுவரைக்கூட மறைத்திருப்பான். அன்று முதல் இன்றுவரை அவன் செய்த வேலைகளிலேயே அதுதான் உசத்தி என்பது அவன் எண்ணம். விருந்தாளிகள் பின்னறைக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அவளும் ஒவ்வொரு முறை வேலைக்கு உட்காரும் முன் அந்தக் கண்ணாடிமுன் ஒரு கணம் நிற்பாள். முன்நெற்றி முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுவாள். தோளை நிமிர்த்துவாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போவாள்.

(கண்ணாடி வந்துவிட்டது, சரி, கதை தன்னையே பார்த்துக்கொள்கிறது, இது குறியீடு என்று சிலர் பென்சிலைக் கூராக்கியிருப்பீர்கள். தயவுசெய்து வைத்துவிடுங்கள். இது நிஜமான கண்ணாடி. பின்பக்கம் வெள்ளிப் பூச்சு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.)

ஒரு நாள் ஒரு வயதான நோயாளி. டாக்டர் அவரிடம் மாத்திரை பற்றிக் கேட்கிறார். அவள் கேள்வியை மாற்றிச் சொல்கிறாள். பெரியவர் ரொம்பத் தயங்கி, "அம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்த மாத்திரைய நான்"

அவ்வளவுதான். திரை உறைந்துவிட்டது. மறுபடி இணைப்பு வந்தபோது வேறு யாரோ அவளுடைய இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு எச்சரிக்கை அனுப்பினார்.

அன்று சாப்பாட்டுத் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். "என்ன சொல்ல வந்திருப்பாருன்னு தெரியலைங்க" என்றாள். வேலையைப் பற்றிப் பேசவில்லை, எச்சரிக்கையைப் பற்றிப் பேசவில்லை. பெரியவரைப் பற்றித்தான் பேசினாள். அதைக் கேட்ட அவன் மறுநாள் காலையிலேயே ரவுட்டர் கடை வாசலில் நின்றான்.

3

அவன் மொத்தம் எத்தனை ரவுட்டர் வாங்கினான் என்று சொல்லப்போவதில்லை. அவளுக்கே அது தெரியாது, நான் எதற்குப் போட்டுக்கொடுக்க வேண்டும்?

முதலில் நாலு கொம்பு வைத்த கனமான பெட்டி. பின்னறையில் மாற்றமில்லை. அடுத்தது இன்னும் கனம், ஆறு கொம்பு. செருப்பு அலமாரியின் மேல் நண்டு மல்லாந்து கிடப்பது மாதிரி இருந்தது. பின்னறையில் அதே கதை. விற்பனைப் பெண் பொறுமையாக விளக்கினாள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு விதமான அலை வருகிறது. ஒன்று வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மற்றது கொஞ்சம் மெதுவு, ஆனால் தூரம் போகும். பெட்டியை வீட்டின் நடுவே உயரத்தில் வைப்பது நல்லது. பெரிய வீடென்றால், தடுப்பு அதிகமென்றால், ஜோடியாக வரும் இரண்டு பெட்டிகள் வாங்கி ஆளுக்கொரு மூலையில் வைக்கலாம்.

ஜோடிப் பெட்டி என்றதும் அவன் உஷாராகிவிட்டான். ஒன்று போதாது என்று விற்கிறவர்களே ஒப்புக்கொள்கிற பொருளை எவனாவது வாங்குவானா?

"நடுவுல இரும்பு பீரோ, தண்ணித் தொட்டி, பெரிய கண்ணாடி ஏதாவது இருக்கா சார்?" என்று அவள் கேட்டாள். எல்லோரிடமும் கேட்பதுதான், வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விலைச்சீட்டைத் தேடக் குனிந்தாள்.

"கண்ணாடி இல்லாம ஒரு வீடாம்மா?" என்றான் அவன், தன் தொழிலைப் பாராட்டிவிட்டாள் என்று நினைத்து.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். கேள்வி சரி, பதிலும் சரி. நடுவில் அவள் தலையைக் குனிந்துவிட்டாள். இதற்கு நான்தான் காரணம். நிமிர்ந்தே இருந்திருந்தால் எனக்கு மூன்றாம் பகுதியோடு பேனாவை மூடிவைக்க வேண்டியிருக்கும்.

போகிற போக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். "வெளிச்சம் மாதிரிதான் சார் இதுவும், நேர் வழியில போகும்." வெளிச்சம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. வெளிச்சத்தைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருட்டறைக்குள் எதிர்ச்சுவர்க் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிவிட்டவன் அவன். வீட்டுக்கு வந்து முன்னறையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மேலும் சில கண்ணாடிகளை மாட்டினான், சாய்வு பார்த்து, நூல் பிடித்து. ரவுட்டரிலிருந்து கிளம்புவது இதில் பட்டு அதில் தெறித்துப் பின்னறைக்குள் போய் விழ வேண்டும் என்பது கணக்கு.

சிக்னல் பட்டது, தெறித்தது, எல்லாம் செய்தது. பின்னறைக்குத்தான் போகவில்லை. தெருவுக்குப் போனது.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரர். ஜன்னல் திரை தைத்துக் கொடுத்த காலத்தில் இவர்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் பெற்றுக்கொண்டவர். அவர் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க புதுப் பெட்டி வந்ததுலேருந்து நம்ம கடையில படம் நிக்காம ஓடுதுங்க. நல்லா இருக்கணும் நீங்க."

அந்த வாழ்த்தை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்று கண்ணாடிக்காரனுக்குத் தெரியவில்லை.

 "ஒரு ஒயர இழுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோனா முடிஞ்சுது, இதுக்கு ஒரு கதையா?" என்றாள் தங்கை. நியாயம்தான். ஒயர் போக வேண்டுமென்றால் அந்தச் சுவரில் ஓட்டை போட வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி. தன் கையால் தீட்டி நிறுத்திய பலகையில் துளை போடச் சொன்னால் அவன் முதலில் என்னைத்தான் துளைப்பான்.

4

இந்தப் பகுதியில் ஒரு மச்சினன் இருந்தான். அடித்துவிட்டேன்.

அவளுடைய தம்பி. அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வாரம் ஒருமுறை அக்கா வீட்டுக்கு வருவான். எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பான். ஏதாவது தூக்க வேண்டும், நகர்த்த வேண்டும் என்று பேச்சு வந்தால் கம்பி நீட்டிவிடுவான். நன்றாகத்தான் வந்திருந்தான் பாத்திரம். ஆனால் வந்த இரண்டாம் வரியிலேயே, "மாமா, லிஃப்ட் உள்ள போனா போன் செத்துருது பாத்திருக்கீங்களா? சுத்தி இரும்பு. அதே மாதிரி உங்க வீட்டுல" என்று தொடங்கினான்.

வாயைப் பொத்தினேன். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு யாராவது கதை நடத்த முடியுமா? கண்ணாடிக்காரன் தானாகக் கண்டுபிடிப்பதற்கு நான் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், இவன் ஒரு வாயில் முடித்துவிடுவான் போலிருந்தது. மொத்தமாக வெட்டினேன்.

தங்கைக்கு அவனைப் பிடித்திருந்தது. "சரியாச் சொல்றவன எல்லாம் நீ வெளிய அனுப்பிடுவியாண்ணா?" என்று கேட்டாள். எழுத்தாளர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

5

இரண்டாவது எச்சரிக்கை வந்தது. கூடவே ஒரு செய்தியும். வியாழக்கிழமை காலை மேற்பார்வையாளர் ஒரு அழைப்பு முழுக்க உடனிருந்து கவனிப்பார். கேமராவில் சாத்திய கதவு தெரிய வேண்டும். அதில் இணைப்பு அறுந்தால் அத்துடன் சரி. அறுபடாவிட்டால் வேலை நிரந்தரம்.

இப்போது, எனக்கே சற்று முன்புதான் தெரியவந்த ஒன்றைச் சொல்கிறேன். அது எழுதும்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நண்பகல் கண்ணாடிக்காரன் வைர முனை வெட்டியை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். கதவைத் திறந்தால், முன்னறையில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு போர்வை உட்கார்ந்திருந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளிருந்து அவளுடைய குரல், தெளிவாக, நிதானமாக, யாரிடமோ ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. தலை முதல் கணுக்கால் வரை மூடிக்கொண்டு, தெருச் சத்தம் மறுமுனைக்குப் போகாமல், ரவுட்டரை ஒட்டி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

அவன் அசையாமல் நின்றான். சுவரிலும் பக்கங்களிலும் கண்ணாடிகள். எல்லாவற்றிலும் அதே போர்வை.

(இந்த இடத்தில் அவன் இன்னும் விளங்காமல் விழிப்பதாகத்தான் எழுதியிருந்தேன். அது தப்பு. அவன் முட்டாள் இல்லை. இவ்வளவு நேரம் முட்டாளாக நடமாடவிட்டது நான்.)

போனை எடுத்தான். முன்னறையில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. ஓசைப்படாமல் கண்ணாடிக் கதவைத் திறந்து பின்னறைக்குள் போய்ச் சாத்தினான். ஒன்றுமில்லை. திறந்தான், வந்தது. சாத்தினான், போனது. சுவரில் உள்ளங்கையை வைத்தான். அந்தப் பக்கம் வெள்ளிப் பூச்சோடு, அலையை மறித்துக்கொண்டு என்ன நிற்கிறது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

சுவர் விளங்கியதும் மற்றதும் விளங்கியது. அவளுக்கு இது முன்பே தெரியும். தெரியாமலா செருப்புகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறாள்? அவன் வெளியே போகும் நேரமெல்லாம் இங்கே. அவன் வீட்டிலிருக்கும்போது மட்டும், இணைப்பு அறுந்தாலும் பரவாயில்லை என்று, அந்தப் பின்னறை. அவளுக்கு வந்த எச்சரிக்கை இரண்டும் அவன் வீட்டிலிருந்த வேளைகளில் வந்தவை. "உங்க கண்ணாடிதான் காரணம்" என்ற ஒரு வார்த்தையை இத்தனை நாளும் மென்று விழுங்கியிருக்கிறாள்.

அவன் வெட்டியைக்கூட எடுக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

அன்று மாலை வழக்கமான நேரத்துக்கு வந்தான். "பின்னறையில எப்படி வருது?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் வருதுங்க, இந்தப் பெட்டி தேவலை" என்றாள் அவள்.

"ஆமா, கனமான பெட்டி" என்றான் அவன்.

இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு இந்த இடத்தில்தான் ஆசிரியர் கேட்ட கதை இதுதானோ என்று சந்தேகம் வந்தது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் மூன்று இருக்கின்றன, மூன்றையும் காட்டுகிறேன்.

முடிவு ஒன்று: கண்ணாடிக்காரன் சுத்தியலை எடுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஓங்கி

(நிறுத்து. கண்ணாடித் தொழிலாளி கண்ணாடியை உடைக்க மாட்டான். உடைத்தால் சில்லு பொறுக்குவது யார்? மறுநாள் அழைப்பில் அவள் காலில் கட்டோடு உட்கார்ந்திருப்பாள். வேண்டாம்.)

முடிவு இரண்டு: புதன்கிழமை மாலை அவள் எல்லாவற்றையும் சொல்லி, அவன் தோளில் சாய்ந்து

(அழ வைக்க வேண்டாம் என்றார் ஆசிரியர்.)

முடிவு மூன்று: வியாழக்கிழமை அழைப்பில் வருவது அதே பெரியவர். அறுந்த இடத்திலிருந்து தொடங்கி, "அந்த மாத்திரைய நான்" என்று

"காது குத்தாதேண்ணா" என்றாள் தங்கை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அவள் சொல்வது சரி. எத்தனையோ நோயாளிகள். அவரே எப்படித் திரும்பி வருவார்? அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.

7

வியாழக்கிழமை காலை அவள் கண்ணாடிமுன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் வந்து நின்றான். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகவே பேசினார்கள்.

"இதக் கழட்டப் போறேன்" என்றான்.

சீப்பு பாதியில் நின்றது. "யார் சொன்னா உங்களுக்கு?"

"போர்வை சொல்லுச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாங்க. வேலை வேற கிடைக்கும்" என்றாள்.

"கண்ணாடி நான் வேற வெட்டுவேன். அந்தப் பெரியவர் பாதியில நின்னுட்டாரே, அத நான் எங்க போய் வெட்டிக் கொண்டார்றது?"

அவள் சீப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கணினியைப் பின்னறையில் எடுத்துவைக்கப் போனாள்.

கதவுக் கண்ணாடியையும் பிறகு மாட்டிய சின்னக் கண்ணாடிகளையும் அவனே கழற்றிவிட்டான். பெரியது மிச்சம். எதையும் பசை போட்டு ஒட்டும் பழக்கம் அவனுக்கு இல்லை, மரச்சட்டமும் கிளிப்பும்தான். எனவே உடையாமல் வரும். ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான்தான் முன்பே சொன்னேனே, மறந்துவிடாதீர்கள் என்று.

வேறு வழியில்லை. நாலாம் பகுதிக்குப் போய் மச்சினனைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். "வாயத் தொறக்கவிடாம அடிச்சீங்க, இப்போ பாரம் தூக்க மட்டும் ஆள் வேணுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இந்த முறை பேசவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்தான். வந்ததும் சுவரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "மாமா, நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்"

"பிடி மாப்ள" என்றான் கண்ணாடிக்காரன்.

கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பிடிகளை அழுத்தி, கிளிப்புகளைத் தளர்த்தி, மெல்லத் தூக்கினார்கள். பின்னால் சுவர் வெளிறிப்போயிருந்தது. பக்கச் சுவரோரம் நகர்ந்தார்கள். கீழே வைக்க வேண்டும். வைப்பதென்றால் முதலில் தரையில் மரக்கட்டைகள் போட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு தெறித்துவிடும். கட்டைகள் இருந்த பை அறையின் அந்தக் கோடியில் கிடந்தது. மச்சினன் வாயைத் திறக்கப் போனான்.

பின்னறையில் கணினியின் அழைப்பு மணி அடித்தது. மேற்பார்வையாளர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். இனி ஒரு சத்தம் வரக் கூடாது. இரண்டு பேரும் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றார்கள். பேசவிடுகிறேன் என்று நான் கொடுத்த வாக்கு இரண்டாம் முறையும் காற்றில் போயிற்று. மச்சினன் என்னை முறைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் அவள் பேசுவது கேட்டது. என்ன நோய், யாருக்கு, ஒன்றும் விளங்கவில்லை. அது விளங்கவும் கூடாது. குரல் மட்டும்தான் வந்தது. ஒரு வாக்கியம் தொடங்கியது. கண்ணாடிக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நடுவில் ஒரு தயக்கம். அவனுக்கு நெற்றியில் வியர்த்தது, துடைக்கக் கை இல்லை. பிறகு அந்த வாக்கியம் முடிந்தது. அடுத்தது தொடங்கியது, அதுவும் முடிந்தது. அடுத்ததும். இவ்வளவு நாளில் அவன் கேட்ட சங்கதிகளிலேயே அதைப் போல இனிப்பானது வேறில்லை. ஒரு மனுஷி சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறாள், அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் வந்து நின்றார். கையில் போன். திரையைக் காட்டி, படம் நின்றுவிட்டது என்று சைகை செய்தார். கண்ணாடிக்காரன் தலையை மட்டும் ஆட்டினான். நின்றுவிட்டதா, ரொம்ப நல்லது என்பது போல. தையல்காரர் போகவில்லை. இரண்டு ஆண்கள் எதற்காகச் சிலை போல ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் போக முடியவில்லை.

உள்ளே குரல் ஓய்ந்தது. நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது.

அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. எதிரே சாய்வாக நின்ற கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் மட்டும் இருந்தாள்; கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிவந்த முகங்கள். பழக்கதோஷம், முன்நெற்றி முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். தோளை நிமிர்த்தினாள்.

உள்ளே மறுபடி மணி அடித்தது.

"அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. வேலை நிரந்தரமாயிற்றா என்று கேட்பீர்கள். வேலை போன ஒருத்திக்கு இரண்டாவது அழைப்பை யாராவது அனுப்புவார்களா என்று யோசித்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கி இருப்பது கண்ணாடி. பழைய இடத்தில் மாட்ட முடியாது. பின்னறையில் மாட்டினால் அவள் நாளெல்லாம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னொருவர் நோயைப் பேச வேண்டும். தெருப்பக்கம் வைத்தால் தையல்காரருக்கு மறுபடி படம் ஓடும். விற்றுவிடலாம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், அவன் காதில் விழும். இரண்டு வீடாக இருந்தது ஒரு வீடாகிவிட்டது. அதை மறுபடி இரண்டாக்க ஏதாவது ஒரு சுவர் இருக்கத்தான் வேண்டும்.

வீட்டை நீங்களும் என்னோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தீர்கள். சொல்லுங்கள், எங்கே வைக்கட்டும்? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், மச்சினனுக்கு முழங்கால் நடுங்குகிறது, அந்தப் பையிலிருந்து கட்டையை எடுத்துப் போட அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.